கிணற்றுக்குள் ஒளிந்த காவலாள்: கோவளம், 1752

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாசம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவருக்கு வேலை சிறுசேரியில, வீடு கேளம்பாக்கத்துல. ராத்திரி தூக்கம் வராம யூடியூப் பார்த்துட்டு இருந்திருக்கார். அமெரிக்காவுல ஒருத்தர் தன் வீட்டு கராஜ்ல உட்கார்ந்து, சுட்டு முடிச்ச ரைஃபிள் தோட்டாவோட காலி பித்தளைக் கூட்டைச் சுத்தம் பண்ணி, மறுபடியும் மருந்து நிரப்பி, புதுத் தோட்டா ஆக்குறார். வாழ்க்கையில முதல் தடவை பண்றாராம், கை நடுங்குதாம். நம்ம நேயரோட கேள்வி: "நம்ம ஊர்ல யாராச்சும் இப்படித் தன் கையால தோட்டா கெட்டிச்சிருக்காங்களா?"

சட்டத்தை முதல்லயே சொல்லிடறேன். 1959 ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கிறது இந்தியாவுல குற்றம். அதனால இது "எப்படிப் பண்றது" எபிசோட் இல்ல. ஆனா அவர் கேள்விக்குப் பதில் இருக்கு. அதுவும் அவர் வீட்டுக்குப் பக்கத்துலயே.

கேளம்பாக்கம் ஜங்ஷன்ல இருந்து கிழக்கால திரும்பினா கோவளம் ரோடு. ரெண்டு பக்கமும் உப்பங்கழி, உப்பளம், சீசன்ல பூநாரை. அதைத் தாண்டினா ஈ.சி.ஆர்., அப்புறம் கடல். வாரக் கடைசியில சர்ஃபிங் போர்டோட போற கூட்டத்துல நானும் ஒருத்தி. அந்தக் கடற்கரையில 1752-ல ஒரு பட்டாளம், முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் திரும்பி ஓட்டம் எடுத்தது. அந்தப் பட்டாளத்தோட தளபதி ராபர்ட் கிளைவ்.

முதல்ல என் கதை

காலேஜ்ல நான் என்.சி.சி.-ல இருந்தேன். கேம்ப்ல ஒரு நாள் .22 ரைஃபிள் சுடக் கூட்டிட்டுப் போனாங்க. ஆளுக்கு அஞ்சு ரவுண்டு. தரையில குப்புறப் படுத்து, அந்தச் சின்னத் தோட்டாவை எடுத்து உள்ள வைக்கணும், போல்ட்டைத் தள்ளணும், மடக்கணும், குறி பார்க்கணும், சுடணும். அவ்வளவுதான். எல்லாமே ஃபேக்டரியில செஞ்சு வந்தது. நான் பண்ண வேண்டியது ஒரு பென்சில் பாக்ஸை மூடுற அளவு வேலை.

முதல் தோட்டா என் விரல்ல இருந்து நழுவி மணல்ல விழுந்துச்சு. ரெண்டாவதை எப்படியோ வச்சேன். சுடும்போது கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். பின்னால நின்ன ஹவில்தார், "கண்ணைத் திறம்மா, டார்கெட் உன்னை ஒண்ணும் பண்ணாது"ன்னார். அஞ்சு ரவுண்டு சுட்டு முடிச்சுப் போய்ப் பார்த்தா என் அட்டையில ஒரே ஒரு ஓட்டை. அதுவும் பக்கத்துல படுத்திருந்தவளோடதா இருக்கலாம்.

என்னை யாரும் திருப்பிச் சுடல. வெயில், மணல், பின்னால ஒரு பொறுமைசாலி. அப்பவே அந்த நிலைமை. இதை மனசுல வச்சுக்கிட்டு 1752-க்கு வாங்க.

ஒரு கோட்டை, ரெண்டு தந்திரம்

கோவளத்துல இன்னைக்குக் கடலோரமா ஒரு பெரிய நட்சத்திர ஓட்டல் இருக்கு. அதுதான் பழைய கோட்டை இருந்த இடம். 1720-கள்ல ஆஸ்டெண்ட் கம்பெனின்னு ஒண்ணு இங்க வியாபாரம் பண்ணுச்சு. இன்னைக்கு பெல்ஜியம்னு சொல்ற நாட்டுத் துறைமுகத்துல இருந்து வந்த கம்பெனி அது. அது மூடிப் போனதுக்கப்புறம் ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கான் இங்க கோட்டை கட்டினார். ஊருக்கு சதத் பந்தர்னு ஒரு பேரும் உண்டு.

1750-ல அந்தக் கோட்டையை பிரெஞ்சுக்காரங்க பிடிச்சாங்க. பிடிச்ச விதம் பெரிய கூத்து. அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் சொல்றபடி, ஒரு கப்பல் கரைக்கு வந்து ஆபத்து சிக்னல் குடுத்திருக்கு. கப்பல்ல எல்லாருக்கும் ஸ்கர்வி நோய், உள்ள வந்து படுக்க இடம் குடுங்கன்னு கெஞ்சியிருக்காங்க. கோட்டையில இருந்தவங்களும் இரக்கப்பட்டு உள்ள விட்டாங்க. நோயாளிங்க துணிக்குள்ள ஆயுதம். ராத்திரியோட ராத்திரியா கோட்டை கை மாறிடுச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு, ஆங்கிலேயர் அதைத் திரும்பப் பிடிக்கணும்னு முடிவு பண்றாங்க. கோவளமும் செங்கல்பட்டும் பிரெஞ்சு கையில இருந்தா சென்னையோட தெற்குப் பக்கம் முழுக்க ஆபத்து. ஆனா நல்லாப் பழகின வீரர்கள் எல்லாரும் திருச்சிராப்பள்ளிப் பக்கம் இருக்காங்க. சென்னையில மிச்சம் இருந்தது யாரு? லண்டன்ல இருந்து அப்போதான் கப்பல்ல வந்து இறங்கின 200 பேர். புதுசா ஆள் எடுத்த 500 சிப்பாய்கள். கிளைவுக்கு உடம்பு சரியில்ல, வேற யாரும் இந்தக் கூட்டத்தைக் கூட்டிட்டுப் போகத் தயாராவும் இல்ல. அவர் நான் போறேன்னு கிளம்பிட்டார்.

பள்ளிக்கூடப் புத்தகத்துல ஆற்காட்டு முற்றுகை இருக்கும், 1751. கிளைவ் ஹீரோ ஆன இடம். அடுத்த வருஷம் நடந்த கோவளம் இருக்காது. ஏன்னா அது ஹீரோ கதை மாதிரி தொடங்கல.

ஓட்டம்

செப்டம்பர் மாசம். பாதிப் படை முன்னால போய் கோட்டைக்குப் பக்கத்துல ஒரு தோட்டத்துல நிக்குது. கோட்டையில இருந்து பிரெஞ்சுக்காரங்க வெளிய வந்து சுடுறாங்க. முன்னணியில இருந்த ஆங்கில அதிகாரி விழுந்ததும் மத்தவங்க எல்லாரும் சென்னையைப் பார்த்து ஓட்டம். பின்னால மீதிப் படையோட வந்துக்கிட்டிருந்த கிளைவ் எதிர்ல மாட்டுறார். அடிச்சுத் திட்டி, திருப்பிக் கூட்டிட்டு வர்றார்.

அப்புறம் இன்னொரு தடவை. கோட்டைப் பீரங்கிக் குண்டு ஒண்ணு பாறையில மோதி, கல் சில்லு பறந்து பல பேருக்குக் காயம். மறுபடியும் கலவரம். காவலுக்கு நிறுத்தி வச்சிருந்த ஒருத்தரைக் காணோம். தேடினா, ரொம்ப நேரம் கழிச்சு ஒரு கிணத்தோட அடியில ஒளிஞ்சிருக்கார்.

இந்தக் கிணத்துக் கதையை ஓர்ம் எழுதினார். 1840-ல மெக்காலே கிளைவைப் பத்தி எழுதின கட்டுரையிலயும் எடுத்துக்கிட்டார். ரெண்டு பேருக்கும் அது சிரிப்பு. இப்படிப்பட்ட கோழைங்களை வச்சே ஜெயிச்சார் பாருங்க எங்க கிளைவ், அப்படிங்கிற தொனி. நானும் முதல் தடவை படிச்சப்போ சிரிச்சேன். அப்புறம் மணல்ல விழுந்த என் தோட்டா ஞாபகம் வந்துச்சு.

ஒரு தடவை சுட எத்தனை வேலை

அந்தக் காலத்து மஸ்கட்டை ஒரு தடவை சுட என்னெல்லாம் பண்ணணும்னு பாருங்க. துப்பாக்கியோட குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தணும். இடுப்புப் பையில இருந்து ஒரு காகிதச் சுருளை எடுக்கணும். அதுதான் தோட்டா, உள்ள கரிமருந்தும் ஈயக் குண்டும் இருக்கும். அதோட முனையைப் பல்லால கடிச்சுக் கிழிக்கணும். கொஞ்சம் மருந்தைப் பக்கத்துல இருக்கிற சின்னக் கிண்ணியில கொட்டி மூடணும். துப்பாக்கியை நிமிர்த்தி வச்சு, மீதி மருந்தைக் குழல் வாய்க்குள்ள கொட்டணும். குண்டையும் காகிதத்தையும் உள்ள போட்டு, நீளக் கோலை உருவி, இடிச்சு இறக்கணும். கோலைத் திரும்ப அதோட இடத்துல சொருகணும். குதிரையை முழுசா இழுக்கணும். தோள்ல வச்சுக் குறி பார்த்து, அப்புறம்தான் சுடணும்.

நல்லாப் பழகின ஆள் இதை நிமிஷத்துக்கு மூணு தடவை பண்ணுவார். பழகாத ஆளுக்கு? வாய்க்குள்ள வெடியுப்பும் கரியும் கரைஞ்சு நாக்கு வறண்டுடும். கடற்கரைக் காத்துல கிண்ணி மருந்து பறந்துடும். ஈரம் பட்டா பத்தாது. முகத்துக்குப் பக்கத்துலயே நெருப்பு பொறி தெறிக்கும். ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து சுட்டா புகையில எதிர்ல யாருன்னே தெரியாது. கோலை உருவ மறந்து சுட்டா கோலே அம்பு மாதிரி பறந்துடும். அப்புறம் அடுத்த தடவை கெட்டிக்கக் கையில ஒண்ணும் இருக்காது.

இதெல்லாம் கோழைத்தனம் இல்லைங்கிறதுக்கு ஒரு சாட்சி அமெரிக்காவுல இருக்கு. 1863, கெட்டிஸ்பர்க் போர். போர் முடிஞ்சு களத்துல இருந்து 27,000-க்கும் மேல துப்பாக்கிகளைப் பொறுக்கி எடுத்தாங்க. பிறகு வந்த அறிக்கைப்படி, அதுல பெரும்பாலானது சுடாமலே கெட்டிச்ச நிலையில இருந்துச்சு. சுமார் 12,000 துப்பாக்கியில ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு தோட்டா. ஒரு துப்பாக்கியில மட்டும் 23. அந்த இரைச்சல்ல தன் துப்பாக்கி வெடிச்சுதா இல்லையான்னே தெரியாம, கை பாட்டுக்குக் கெட்டிச்சுக்கிட்டே இருந்திருக்கு. இவங்க எல்லாம் பயிற்சி எடுத்தவங்க. அப்போ கப்பல்ல இருந்து இறங்கின கையோட கோவளத்துக்கு நடந்து வந்தவங்க?

வான்கோழியும் மூக்குப்பொடியும்

கோவளம் எப்படி விழுந்துச்சுன்னு முடிச்சுடறேன். கிளைவ் அந்தப் படையைத் திட்டுறதோட நிக்கல. குண்டு வர்ற இடத்துலயே திரும்பத் திரும்பப் போய் நின்னார். அவங்களை அங்கயே வச்சு, வேலை பண்ண வச்சார். சில நாள்ல பீரங்கிகள் கோட்டையைப் பார்த்து நின்னுச்சு. உள்ள இருந்த பிரெஞ்சு அதிகாரி சரணடைஞ்சார். ஒரே நிபந்தனை, என் சொந்தப் பொருளை நான் எடுத்துட்டுப் போகணும். என்ன பொருள்னு பார்த்தா, அவர் வியாபாரத்துக்கு வச்சிருந்த ஏகப்பட்ட வான்கோழியும் மூக்குப்பொடியும்!

கோட்டை விழுந்தது தெரியாம, செங்கல்பட்டுல இருந்து பிரெஞ்சு உதவிப் படை ஒண்ணு கோவளத்துக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு. கிளைவோட ஆளுங்க மறைஞ்சு காத்திருந்தாங்க. மெக்காலே கணக்குப்படி, ஒரே வீச்சுல 100 பேர் விழுந்தாங்க, 300 பேர் கைதி. இந்த ஒரே வீச்சைத்தான் கவனிக்கணும். மறைஞ்சு கிடந்து, யாரும் அவசரப்படாம, எல்லாரும் கெட்டிச்ச துப்பாக்கியோட காத்திருந்து, ஒரே நேரத்துல சுடணும். சில நாள் முன்னாடி சென்னையைப் பார்த்து ஓடின அதே ஆளுங்க அதைப் பண்ணினாங்க. அங்கிருந்து செங்கல்பட்டுக் கோட்டைக்குப் போய், சுவரைப் பீரங்கியால உடைச்சு, அதையும் வாங்கிட்டாங்க. கொளவாய் ஏரியை ஒட்டி அந்தக் கோட்டை மிச்சம் இன்னும் இருக்கு. கோவளம் கோட்டையை மட்டும் வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க.

பெருமை எல்லாம் கிளைவுக்குப் போச்சு. அடுத்த வருஷம் பிப்ரவரியில சென்னைக் கோட்டையில இருக்கிற செயின்ட் மேரி சர்ச்சுல கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிட்டார். அந்த 500 சிப்பாய்கள்ல ஒருத்தர் பேர்கூட இந்தக் கதையில இல்ல. வான்கோழி பதிவாகியிருக்கு, பாருங்க.

பழகின கையைப் பார்த்து வந்த பயம்

பழகாத கை ஓடும். பழகின கை? கம்பெனிக்கு அடுத்த பிரச்சினையே அதுதான். அதே காலத்துல கம்பெனிப் படையில சிப்பாயா இருந்து வளர்ந்த மருதநாயகம், அதாவது யூசுப் கான், பின்னால கம்பெனியையே எதிர்த்தார். 1764-ல மதுரையில அவரைத் தூக்குல போட்டாங்க.

தெற்குல பாளையக்காரங்க ஆளுங்களுக்கும் துப்பாக்கி கெட்டிக்கத் தெரியும். கம்பெனி அதைச் சொல்லிக் கொடுக்கல, ஊர்லயே இருந்த பழக்கம். 1799-ல கட்டபொம்மன், 1801 அக்டோபர்ல மருது சகோதரர்கள், நவம்பர்ல ஊமைத்துரை. எல்லாருக்கும் தூக்கு. டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை ஆளுநர் ஒரு பிரகடனம் போட்டார். தெற்குச் சீமையில ஜனங்க துப்பாக்கி, ஈட்டி மாதிரி ஆயுதம் எதுவும் வச்சிருக்கக் கூடாது, எல்லாத்தையும் ஒப்படைக்கணும். மீறினா கடும் தண்டனை. கையெழுத்துப் போட்ட ஆளுநர் பேர் எட்வர்ட் கிளைவ். கோவளத்துல நின்ன ராபர்ட் கிளைவோட மகன்!

அப்பா, கெட்டிக்கத் தெரியாதவங்களை வச்சுக்கிட்டுத் திண்டாடினார். மகன், கெட்டிக்கத் தெரிஞ்ச ஊர்கள்ல இருந்து துப்பாக்கியைப் பிடுங்கினார். நடுவுல 49 வருஷம்தான்.

1857 கதை உங்களுக்குத் தெரியும். என்ஃபீல்டு ரைஃபிளுக்கு வந்த காகிதத் தோட்டா, மேல பூசின கொழுப்பு, பசுவா பன்றியா. அதையும் தன் கையால செய்யுறதுங்கிற கோணத்துல ஒரு தடவை பாருங்க. யாரோ எங்கயோ செஞ்சு அனுப்புற பொருளை நான் வாயில வைக்கணும். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. கலவரம் வெடிக்கிறதுக்கு முன்னாடியே, அந்த ஜனவரியிலயே, நீங்களே உங்களுக்குப் பிடிச்ச எண்ணெயைப் பூசிக்கலாம்னு அரசு சொல்லிச்சு. பல்லால கடிக்க வேண்டாம், கையால கிழிச்சாப் போதும்னும் மாத்துனாங்க. அதுக்குள்ள நம்பிக்கை போயிடுச்சு.

1878-ல ஆயுதச் சட்டம் வந்துச்சு. இந்தியர்னா உரிமம் வாங்கணும், ஐரோப்பியருக்கு விலக்கு. குடகு மக்களுக்கும் விலக்கு குடுத்தாங்க. அதுக்குள்ள பித்தளைக் கூடு வச்ச தோட்டா வந்து, காகிதச் சுருள் காலமும் முடிஞ்சுடுச்சு. 1900-களோட தொடக்கத்துல நீலகிரியில அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையை ஆரம்பிச்சாங்க. குன்னூரைத் தாண்டி ஊட்டி போற மலை ரயில்ல போனா அரவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீங்க. தோட்டாங்கிறது வீட்டுலயும் பாசறையிலயும் செய்யுற பொருளா இருந்தது போய், சுவருக்குள்ள செய்யுற பொருள் ஆகிடுச்சு.

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

அப்போ நேயரோட கேள்வி என்ன ஆச்சு? தன் கையால கெட்டிச்சவங்க நம்ம பக்கத்துல ரொம்ப நாள் இருந்தாங்க. நரிக்குறவர் சமூகம். நாட்டுத் துப்பாக்கியில கெட்டிச்சு, நரி, கொக்கு, காடைன்னு வேட்டையாடினவங்க. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்தப் பிழைப்பு முடிஞ்சுது. மாமல்லபுரம் போனா பாசிமணி விக்கிறவங்களா அவங்களைப் பார்த்திருப்பீங்க.

அங்க ஒரு பெரியவர்கிட்ட உட்கார்ந்து பேசினேன். அவங்க அப்பாகிட்ட உரிமம் வாங்கின துப்பாக்கி இருந்துச்சாம். "முதல் தடவை கெட்டிச்சப்போ எப்படி இருந்துச்சு அய்யா?"ன்னு கேட்டேன்.

"முதல் தடவை எங்கம்மா கெட்டிக்க விட்டாரு? வெறும் தேங்கா நாரைக் குடுத்து, இதையே கெட்டி, எடு, திரும்பக் கெட்டின்னாரு. மருந்தைத் தொடவே விடல. ரொம்ப நாளு. நாம பயந்தா கை தப்பும்மா. கை தப்பினா மருந்து நம்ம மூஞ்சியிலதான்."

வீட்டு வாசல்ல, அப்பா பக்கத்துல, மருந்தே இல்லாத துப்பாக்கியோட ஒரு பையன் கத்துக்கிட்டது அது.

அவர்கிட்ட கோவளம் கதையைச் சொன்னேன். ஓடினது, கிணத்துல ஒளிஞ்சது எல்லாம். நான் எதிர்பார்த்த இடத்துல அவர் சிரிக்கல. கொஞ்ச நேரம் மணியைக் கோத்துக்கிட்டே இருந்தார். அப்புறம் கேட்டார்: "அவங்களுக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தா? எத்தனை நாளு?"

ஓர்ம் கேட்காத கேள்வி அது. மெக்காலேவும் கேட்கல. ரெண்டு பேரும் ஓடினவங்க எந்த மாதிரி ஆளுங்கன்னு எழுதினாங்க. அவங்க கைக்கு எத்தனை நாள் பழக்கம்னு எழுதல. யார் தைரியசாலி, யார் கோழைன்னு நாம வரலாறு படிக்கிறோமே, அதுல எவ்வளவு வெறும் பயிற்சிக் கணக்கு? சில நாள் கூடுதலா கிடைச்சதும் அதே ஆளுங்க ஓடாம நின்னாங்க. மத்தவங்க நாட்டுச் சண்டைக்கு, மத்தவங்க லாபத்துக்கு நின்னாங்கங்கிறது வேற விஷயம். அதையும் மறக்க வேண்டாம்.

அடுத்த தடவை கோவளம் போகும்போது, அலைக்கு முதுகு காட்டிட்டு ஒரு நிமிஷம் ஊர்ப் பக்கம் திரும்பி நில்லுங்க. சர்ஃபிங் கத்துக்க வந்த முதல் நாள் நீங்க எத்தனை தடவை விழுந்தீங்கன்னு நினைச்சுப் பாருங்க. இந்த மணல்ல ஓடினவங்களுக்கும் அது முதல் நாள்தான்.

கடைசியா ஒரு உதவி வேணும். "கெட்டிக்கிறது"ங்கிற சொல்லை இந்த எபிசோட் முழுக்கச் சொன்னேன். உங்க தாத்தா பாட்டி ஊர்ல இதுக்கு வேற சொல் இருக்கா? கோவில் திருவிழாவுல வெடி போடுறவங்க என்ன சொல்லுவாங்க? வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.